மகள் செய்த விளையாட்டை இன்னொரு பிள்ளை எடுத்து மாற்றிப் போட்டால்

கொக்குவிலில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், பிள்ளைகள் தாங்களே கணினி விளையாட்டுகள் செய்து பகிரும் ஸ்கிரட்ச் தளத்தில் பனம்பழம் பொறுக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்து போட்டிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பிள்ளை அதை எடுத்து, பனம்பழத்துக்குப் பதிலாக விண்கல் விழுகிற மாதிரி மாற்றித் தன் பக்கத்தில் போட்டுவிட்டது. அதற்கு, பிடித்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் போடும் இதயங்கள் மகளுடையதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. பிள்ளை அழுது, சாப்பிடாமல் கிடக்கிறாள், கணக்கை மூடிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதெல்லாம் படிப்புக்கு உதவுமா அல்லது வெறும் விளையாட்டா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட அளவில் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் கூடுகிற ஓரிடத்தில் என் பிள்ளையின் உழைப்புக்கும் மனதுக்கும் பாதுகாப்பு இருக்குமா? வலிகாமத்தில் பல வருடமாகத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிரட்ச் பழக்குகிறேன். மூட வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் ஒரு மணித்தியாலம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சில விஷயங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த இடம் என்ன மாதிரியானது என்று சொல்கிறேன். ஸ்கிரட்சை உருவாக்கியது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லாப்பில் மிச்செல் ரெஸ்னிக் தலைமையில் இயங்கிய குழு. 2007இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போது ஸ்கிரட்ச் பவுண்டேசன் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. முக்கியமாக 8 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கட்டணம் இல்லை. புரோகிராம் எழுதும் கருவியும், எழுதியதைப் பகிரும் தளமும் ஆரம்பத்தில் இருந்தே ஒன்றாகத்தான் வந்தன. அது தற்செயலாக நடந்ததல்ல. ரெஸ்னிக்கின் ஆசான்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற புரோகிராம் மொழியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பிரேசிலின் சம்பா நடனப் பள்ளிகளில் சிறுவரும் பெரியவரும், தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே இடத்தில் ஆடிப் பழகுவதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கணினியும் அப்படித்தான் பழகப்பட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நமக்கு அதை விளங்குவது கஷ்டமில்லை. காத்தவராயன் கூத்துப் பழகும் வளவில் சின்னப் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துப் பார்த்தே பாட்டையும் ஆட்டத்தையும் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா, அதே மாதிரித்தான்.

ஆகவே அந்தத் தளத்தில் ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் 'உள்ளே பார்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஸ்கிரட்சில் கட்டளைகளைத் தட்டி எழுதுவதில்லை, கட்டைகளாக ஒன்றோடொன்று பொருத்துவார்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் மற்றப் பிள்ளை எந்தக் கட்டையை எங்கே பொருத்தியிருக்கிறது என்பது முழுவதும் தெரியும். பக்கத்தில் 'ரீமிக்ஸ்' என்று இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் அந்தப் புரொஜெக்டின் பிரதி ஒன்று உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பிறகு விரும்பியபடி மாற்றலாம். மகள் 'பகிர்' என்பதை அழுத்திய கணத்திலேயே தன் விளையாட்டை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் கொடுத்துவிட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மூலத்தைச் செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே நிபந்தனையில்தான் பகிர வேண்டும். இது உறுதியான விஷயம், அபிப்பிராயம் இல்லை. பகிர் பொத்தானை அழுத்தாதவரை புரொஜெக்டை அவளைத் தவிர மற்றப் பிள்ளைகள் யாரும் பார்க்க முடியாது என்பதும் உறுதி.

இப்போது அந்த வெளிநாட்டுப் பிள்ளையின் பக்கத்தை மகளோடு சேர்ந்து திறந்து பாருங்கள். ரீமிக்ஸ் பொத்தானை அழுத்தித்தான் எடுத்திருந்தால், மூலத்தைச் செய்தவருக்கு நன்றி என்ற வரியும் அவளுடைய பக்கத்துக்கான இணைப்பும் தானாகவே அங்கே விழுந்திருக்கும். அப்படி இருந்தால் களவு எதுவும் நடக்கவில்லை. அந்த வரி இல்லாமல், கோப்பைத் தரவிறக்கிப் புதிதாக ஏற்றித் தானே செய்தது என்று போட்டிருந்தால் அது வேறு கதை. அது தளத்தின் விதிக்கு முரண். 'முறையிடு' பொத்தான் மூலம் அறிவிக்கலாம், தளத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் பார்ப்பார்கள்.

ஆனால் நன்றி வரி இருக்கிறது என்று நீங்கள் காட்டினாலும் மகளுக்கு மனம் ஆறாமல் போகலாம். அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்கிரட்ச் தளத்தைத் தன் முனைவர் பட்ட வேலையாகக் கட்டியெழுப்பிய அந்திரெஸ் மொன்ரோய் எர்னாண்டஸும் அவருடைய சகாக்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரீமிக்ஸ் வந்த நாளில் இருந்தே 'என்னுடையதைக் கொப்பியடித்துவிட்டான்' என்ற முறைப்பாடு பிள்ளைகளிடம் இருந்து வந்துகொண்டே இருந்ததால்தான் தானாக விழும் நன்றி வரியையே சேர்த்தார்கள். அது வந்த பிறகும் முறைப்பாடு ஓயவில்லை. கணினி தானாகப் போடும் பெயரைவிட, எடுத்த பிள்ளை தன் கையால் எழுதும் ஒரு வரியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதித்தார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. என் வகுப்பிலும் இதைத்தான் காண்கிறேன். 'இந்த அக்காவின் விளையாட்டைப் பார்த்துத்தான் செய்தேன்' என்று யாராவது எழுதிவிட்டால், அழுத பிள்ளை ஓடிவந்து அதை எனக்குக் காட்டும்.

ஆகவே மகளைக் கொண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னக் கருத்து எழுதச் செய்யுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். 'நீ விண்கல்லை நல்லாச் செய்திருக்கிறாய், அது எப்படி வேகம் கூடிக்கொண்டு போகிறது? குறிப்புப் பகுதியில் என் பெயரையும் எழுதிவிடுகிறாயா?' என்கிற அளவில் போதும். பெரும்பாலான பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு இது கெட்ட வேலை என்றே தெரிந்திருக்காது. அந்தத் தளத்தில் எடுத்து மாற்றுவதுதான் வழக்கம்.

பிறகு 'உள்ளே பார்' பொத்தானை அழுத்தி, அந்தப் பிள்ளை எதை மாற்றியிருக்கிறது என்று மகளையே தேடச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் முக்கியமான இடம். எங்கள் நிலையத்துக்கு வரும் ஒரு பையன் தைப்பொங்கலை அண்டிப் பட்டம் விடும் விளையாட்டு ஒன்றைச் செய்தான். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா பார்த்த உற்சாகம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பட்டம் ஏறும், விட்டால் மெல்ல இறங்கும், காற்று அதை இடமும் வலமும் தள்ளும். காற்றுக்கு அவன் போட்டது கழித்தல் 3 முதல் 3 வரை எழுமாறாக வரும் ஓர் எண். பட்டத்தில் கட்டும் விண் காற்றில் கூவும் சத்தத்தையும் போனில் பதிந்து சேர்த்திருந்தான். எல்லாம் வடிவாக ஓடியது. ஆனால் பட்டம் திரையின் பக்க விளிம்பில் முட்டியவுடன் தலைகீழாகப் புரண்டு, வால் மேலே விண் கீழே என்று தொங்கியது. 'விளிம்பில் பட்டால் திரும்பு' என்ற கட்டை செய்த வேலை அது. திரும்பும்போது அது உருவத்தின் திசையையே மாற்றிவிடும். அவன் குறிப்பில் இதைக் கேட்டு எழுதிப் பகிர்ந்தான். எந்த நாடென்று தெரியாத ஒரு பிள்ளை, சுழற்சி முறையை இட வலம் என்று மாற்று என ஒரே வரியில் பதில் போட்டது. அந்த வரியை வைத்துக்கொண்டு பையன் தானாகத் தேடி, அந்தக் கட்டையைக் கண்டுபிடித்துப் பொருத்தினான். பட்டம் நிமிர்ந்தது. என்னைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் அவன் தேடித் தேடிப் படித்த அந்தப் பின்னேரத்தில் திசை, கோணம், உருவம் மூன்றும் வெவ்வேறு என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. இன்னொருவர் அந்தப் பட்டத்தை ரீமிக்ஸ் செய்து, ஒரு பட்டம் மற்றதின் நூலை அறுக்கும் போட்டியாக மாற்றினார். பையனுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு அதைத் திறந்து பார்த்து, இரண்டு உருவங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவது எப்படி என்று படித்து, அந்த ரீமிக்ஸையே தான் திரும்ப ரீமிக்ஸ் செய்து எட்டுமூலைப் பட்டம் ஒன்றைச் சேர்த்தான். உங்கள் மகளும் அந்த விண்கல்லை எடுத்துத் திரும்பப் பனங்காணிக்குள் விழுத்தலாம். தளத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை.

இப்படி எடுத்து மாற்றுவது கற்றலுக்கு உதவுகிறதா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. சயமிந்து தாஸ்குப்தாவும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்டது. கூடுதலாக ரீமிக்ஸ் செய்யும் பிள்ளைகள் கூடுதலான வகைக் கட்டைகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். எத்தனை புரொஜெக்ட் போட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது உறுதி. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இயல்பாகவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தான் கூடுதலாக ரீமிக்ஸ் செய்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

இதயங்களைப் பற்றி: நான் கண்ட அளவில், ஒரு புரொஜெக்டுக்கு எத்தனை இதயம் விழுகிறது என்பது அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, அந்தப் பிள்ளையை ஏற்கனவே எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதில்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்று பண்டமாற்றுச் செய்யும் பிள்ளைகளும் உண்டு. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியிலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு எந்த எண்ணைக் கண்டாலும் அது புள்ளியாகத்தான் தெரியும். அதனால் நான் வகுப்பில் இதய எண்ணிக்கையைப் பற்றிக் கதைப்பதே இல்லை. யார் என்ன கேட்டார்கள், நீ என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் கேட்பேன். வீட்டிலும் அப்படிச் செய்து பாருங்கள். கனடாவில், லண்டனில் மச்சாள்மார், மருமக்கள் இருந்தால் அவர்களுக்கு அந்த விளையாட்டின் இணைப்பை அனுப்பி விளையாடச் சொல்லுங்கள். பனம்பழம் என்றால் என்ன என்று அவர்களில் ஒருவராவது கேட்பார். மகள் அதற்கு விளக்கம் எழுத வேண்டி வரும். ஸ்கிரட்சில் வரும் பூனையின் பேச்சுக் குமிழியில் தமிழிலேயே எழுதலாம்.

பிள்ளை தொடர்ந்து சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் இருந்தால் அது விளையாட்டோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக இருக்காது. அது என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அப்பாற்பட்டது, நல்ல உளவள ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, பாதுகாப்பு. ஸ்கிரட்சில் தனிப்பட்ட செய்தி அனுப்பும் வசதி கிடையாது. யார் என்ன எழுதினாலும் எல்லாருக்கும் தெரியும்படிதான் எழுத முடியும். அது பெரிய காவல். கருத்துகளை வடிகட்டும் ஏற்பாடும் மனித மட்டுறுத்துநர்களும் இருக்கிறார்கள். விரும்பினால் மகளுடைய புரொஜெக்டின் கீழ் கருத்து எழுதும் வசதியையே அணைத்து வைக்கலாம். ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் தளத்துக்குள் மட்டும்தான். நான் கவலைப்படுவது பிள்ளைகள் தாங்களாகவே வெளியே விடும் விஷயங்களைப் பற்றி. பயனர் பெயரைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் சொந்தப் பெயர், பள்ளிக்கூடத்தின் சுருக்கம், பிறந்த வருடம் மூன்றையும் ஒட்டவைத்துப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரைப் பிறகு மாற்ற முடியாது, புதுக் கணக்குத் தொடங்குவதுதான் வழி. உங்கள் மகளுடையது அப்படி இருந்தால், விளையாட்டுகளைப் புதுக் கணக்குக்கு மாற்றி, பழையதை மூடிவிடலாம். நான் 'மூடுங்கள்' என்று சொல்லக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். சுயவிவரத்தில் நாட்டைச் சொல்லாமல் விடவும் வழி இருக்கிறது.

பின்னணிப் படங்களையும் கவனியுங்கள். பள்ளிச் சீருடையில் கழுத்துப்பட்டியோடு எடுத்த படத்தை விளையாட்டில் வைத்தால், யாழ்ப்பாணத்தில் எவருக்கும் அது எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்துவிடும். குரல் பதியும்போது பின்னால் அம்மா பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் சேர்ந்துவிடுவதுண்டு. அதைவிட முக்கியம், 'வேறு இடத்தில் கதைப்போம், டிஸ்கோர்ட்டுக்கு வா, வட்ஸ்அப் நம்பர் தா' என்று யாராவது கேட்டால், எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரித் தெரிந்தாலும் போகக்கூடாது. மட்டுறுத்தல் இல்லாத அரட்டைத் தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பதை ஸ்கிரட்ச் விதிகளே அனுமதிப்பதில்லை. டிஸ்கோர்ட்டும் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல. ஏதாவது எல்லை மீறிப் போனால் தயங்காமல் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். அவர்களிடம் சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா செலவு, கரண்ட் கட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்தில் அதுவும் பிரச்சினைதான். ஸ்கிரட்ச் செயலியை ஒருமுறை லப்டொப்பில் இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். பகிரும்போது மட்டும் இணையம் போதும். போனில் மற்றவர்களின் விளையாட்டைப் பார்க்கலாம், விளையாடலாம். ஆனால் அந்தச் சின்னத் திரையில் கட்டைகளைப் பொருத்துவது பிள்ளைக்குப் பெரும் கரைச்சல்.

படிப்புக்கு உதவுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஒரு பகுதிக்கு உதவும். ஓ.எல். தகவல் தொழில்நுட்பத்தில் பாஸ்கல் வருகிறது, ஏ.எல்லில் பைதன். திரும்பச் செய்தல், நிபந்தனை, மாறி ஆகியவற்றை ஸ்கிரட்சில் கையால் பொருத்திப் பழகிய பிள்ளைக்குப் பாஸ்கலில் அவை புதிதாக இருக்காது. தடுமாறும் இடங்களும் உண்டு. ஸ்கிரட்சில் ஒரு மாறிக்குள் எண்ணையும் போடலாம், எழுத்தையும் போடலாம். பாஸ்கலில் எது எந்த வகை என்று முதலே அறிவித்துவிட வேண்டும். ஸ்கிரட்சின் பட்டியலில் முதல் பொருள் 1இல் தொடங்கும், பைதனில் 0இல். எழுத்துப் பரீட்சையில் கேட்கும் பாய்ச்சற் கோட்டுப் படம், இரும எண்கள், தரவுத்தளம் எதற்கும் ஸ்கிரட்ச் கைகொடுக்காது. அதற்குப் புத்தகம்தான். புள்ளி கூடும் என்ற எதிர்பார்ப்பில் பிள்ளையை இதில் இருத்த வேண்டாம் என்றுதான் பெற்றோருக்குச் சொல்வேன். நான் கண்ட அளவில், ஸ்கிரட்சில் இருந்து வந்த பிள்ளைகளிடம் ஒரு குணம் தெரிகிறது. புரோகிராம் பிழைத்தால் பயந்து கையை எடுத்துவிடாமல், எந்த வரியில் பிழைத்தது என்று தேடத் தொடங்குவார்கள். இது என் வகுப்பறையில் கண்டது மட்டும், எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை.

இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் கட்டைகள் அவளுக்குச் சலித்துப்போனால் போக இடம் இருக்கிறது. ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் புரோகிராம் எழுதுவதற்காக 2001இல் கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் தொடங்கிய புரொசெஸிங் என்ற கருவி இருக்கிறது. அதன் வழியில் லோரன் மெக்கார்த்தி உருவாக்கிய பி5 என்ற கருவி ஜாவாஸ்கிரிப்ட் என்ற இணைய மொழியில் ஓடுவது, உலாவியிலேயே எழுதலாம், அதுவும் இலவசம். அங்கேயும் எழுதியதைப் பகிர்ந்து, மற்றவர்களுடையதைத் திறந்து பார்க்கலாம். அங்கே போகும் பிள்ளைகளுக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைப்பது ஒன்றுதான். ஸ்கிரட்சில் பூச்சியம் திரையின் நடுவில் இருக்கிறது, மேலே போகப் போக எண் கூடும். பி5இல் பூச்சியம் இடப்பக்க மேல் மூலையில், கீழே வர வரத்தான் எண் கூடும். ஸ்கிரட்சில் மேலே ஏறிய பட்டத்தை அப்படியே அங்கே எழுதினால் அது நிலத்தை நோக்கி இறங்கும்.

மகள் தானாகவே 'எனக்கு இது வேண்டாம், யாரும் பார்க்கக்கூடாது' என்று சொன்னால் அதையும் மதியுங்கள். அப்போதும் கணக்கை அழிக்கத் தேவையில்லை. அந்த விளையாட்டின் பகிர்வை மட்டும் நீக்கிவிட்டால் அது அவளுக்கு மட்டும் தெரியும்படி இருக்கும், மனம் மாறினால் திரும்பப் பகிரலாம். ஏற்கனவே மற்றவர்கள் செய்துவிட்ட ரீமிக்ஸ்கள் மட்டும் அதனால் மறையாது. அதை அவளுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.